சபையில் கேட்டவர், சபையில் கொடுத்தவர்
காரைக்குடிக் கூட்டங்கள் எதைச் சாதித்தன, எங்கே தவறின

1947 ஜூலை 3. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா. மேடையில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். வசதி படைத்தவர்கள் கலைக்கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று அவர் பேச்சினிடையே வேண்டுகோள் வைத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கோட்டையூர் அழகப்பச் செட்டியாரும் ஒருவர். அவர் எழுந்தார், காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அந்தச் சபையிலேயே அறிவித்தார். ஆகஸ்ட் 11 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு நாள் முன்னதாக, காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கின. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே 39 நாள்.

செட்டிநாட்டில் இந்தச் செய்தியை வள்ளன்மையின் கதையாகவே சொல்வார்கள். வள்ளன்மையில் ஐயமில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்தவரும் அவரே. ஆனால் அந்த ஜூலை 3இல் நடந்த இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் பலர் முன்னிலையில் கேட்டார். கேட்டது ‘நன்மை செய்யுங்கள்’ என்ற பொதுச்சொல் அன்று. கல்லூரி என்ற குறிப்பான ஒன்று. கொடுக்கக்கூடியவர் அதே கூடத்தில் இருந்தார். சபை நடுவே சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வது, சொல்லை நம்பி வட்டித்தொழில் நடத்திய சமூகத்தில் பிறந்த ஒருவருக்கு எளிதன்று.

பொதுக்கூட்டங்களும் சொற்பொழிவுகளும் கலந்துரையாடல்களும் ஒரு வட்டாரத்தில் உண்மையிலேயே நன்மையை விளைவிக்குமா? இந்தக் கேள்விக்கு விடைதேடச் செட்டிநாட்டைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் அரிது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. எந்தக் கூட்டம் எதைச் செய்தது, எது கைதட்டலோடு முடிந்தது என்று பார்க்கப் போதுமான வரலாறு இருக்கிறது.

அதன் தொடக்கக் கண்ணிகளில் ஒன்று மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை. 1909இல் வ. பழனியப்பச் செட்டியார் ஆதரவில், பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரின் முயற்சியால் எழுந்தது. தமிழும் சைவமும் அதன் அக்கறை. ஆண்டுவிழாவுக்கு அறிஞர்களை அழைத்துப் பேசவைத்ததோடு நில்லாமல் ஒரு தமிழ்க் கல்லூரியையும் ஊன்றியது. கணேசர் செந்தமிழ்க் கல்லூரி அங்கே கிளைத்ததுதான். சிறு கிராமம் ஒன்றில் கூடிய சபை, தலைமுறை தலைமுறையாகத் தமிழாசிரியர்களை உருவாக்கிய நிறுவனமாக வளர்ந்தது.

காரைக்குடியில் 1917இல் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. முன்னின்றவர்களில் இருவரைத் தனியே சொல்ல வேண்டும். ராய. சொக்கலிங்கன் அப்போது இருபது வயதுகூட நிரம்பாதவர். சொ. முருகப்பா அவரைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர். பெயர் மதத்தைச் சொன்னாலும், அந்தச் சங்கம் வாசகசாலையாகவும் சொற்பொழிவு மேடையாகவும் இளைஞர் கூடும் திண்ணையாகவும் இருந்தது. 1919இல் பாரதியார் செட்டிநாட்டுக்கு வந்தார். கானாடுகாத்தானில் வயி. சு. சண்முகம் செட்டியாரின் விருந்தினராகத் தங்கினார். காரைக்குடிக்கு வந்து சங்கத்தாரோடு உரையாடினார். அவர்களைப் பற்றிப் பாடலும் எழுதினார். கையில் கோலுடன் அவர் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படம் அந்தப் பயணத்தில் காரைக்குடியில் எடுத்ததுதான். பாரதியின் கடைசி ஆண்டுகளில் அவரை அழைத்து உட்காரவைத்துக் கேட்ட சிறு கூட்டங்களில் இது ஒன்று என்பதே அச்சங்கத்துக்குப் போதிய பெருமை.

ஆனால் சங்கத்தின் விளைவை அந்தப் படத்தில் தேடக் கூடாது. அங்கே பேசிப் பழகிய இருவரும் பிறகு என்ன செய்தார்கள் என்பதில் தேட வேண்டும். ராய. சொ. ‘ஊழியன்’ இதழை நடத்தினார். காங்கிரஸ் பணியில் இறங்கினார். முருகப்பா ‘குமரன்’ இதழைத் தொடங்கினார். சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் சென்றார். 1930களில் கைம்பெண் மறுமணத்துக்காகவே ஓர் அமைப்பை நடத்தி, ‘மாதர் மறுமணம்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழையும் வெளியிட்டார். அதன் ஆசிரியர் அவருடைய துணைவியார் மரகதவல்லி. கணவன்மார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாத ஊர்கள் இவை. சிறுவயதில் மணமாகி, சிறுவயதிலேயே கணவனை இழந்த பெண்கள் வளவுக்குள் முடங்கிக் கிடந்த காலம். அந்த ஊரின் நடுவிலிருந்து இப்படிப் பெயரிட்ட இதழ் வெளிவந்தது சாதாரணக் காரியமன்று. ஒரே திண்ணையில் தொடங்கிய இரு நண்பர்கள் அரசியலில் வெவ்வேறு திசையில் நடந்தார்கள். நல்ல விவாதக் கூட்டம் எல்லாரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவருவதில்லை. கூட்டத்துக்கு வெளியே ஏதாவது செய்யாமல் இருக்கமுடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முன்பே உலகின் வேறொரு மூலையிலும் இப்படி நடந்திருக்கிறது. 1727இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தம்மையொத்த தொழிலாளர், சிறு வணிகர் சிலரைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதுவும் இதே மரபைச் சேர்ந்ததுதான். அங்கே நிரந்தரமான கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்தவர் யார், அவருக்கு எப்படி உதவலாம். அண்மையில் தோற்றுப்போன வணிகர் யார், ஏன் தோற்றார் என்பன போன்ற கேள்விகள். அந்தக் கூட்டத்தின் பேச்சிலிருந்து 1731இல் சந்தா நூலகம் பிறந்தது. 1736இல் தீயணைப்புப் படை பிறந்தது. சொற்பொழிவாளர் இல்லை, விழா இல்லை. வாராவாரம் அதே கேள்விகள். கேள்வி குறிப்பாக இருந்ததால் விடையும் குறிப்பாக வந்தது.

செட்டிநாட்டாருக்குக் குறிப்பான கேள்வி புதிதன்று. கணக்குதான் அவர்கள் தொழில். நகரத்தார் எனப்படும் இவர்கள் சமூகத்தில் கோயில் திருப்பணிக்குப் புள்ளி வரி உண்டு. திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. வசதிக்கேற்ப ஆஸ்தி வரி உண்டு. வணிகத்தில் மகமை உண்டு. தொழிலில் வருவதில் ஒரு பங்கை அறத்துக்கென்று கணக்கேட்டிலேயே தனியாக எழுதிவைப்பது மகமை. டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1994இல் வெளியிட்ட ஆய்வுநூலில், நகரத்தாரின் அறமும் வணிகமும் ஒரே வலையின் இரண்டு இழைகள் என்பதை விரிவாகக் காட்டினார். கொடை அந்தச் சமூகத்துக்கு நம்பகத்தன்மையைத் தந்தது. நம்பகத்தன்மை கடன்வரத்தைத் தந்தது. இப்படிச் சொன்னால் கொடையின் மதிப்பு குறைந்துவிடும் என்று சிலர் வருந்தலாம். குறையவேண்டியதில்லை. மனம் இரங்கும்போது மட்டும் கொடுப்பதைவிட, கணக்கில் எழுதிக் கொடுப்பது நெடுநாள் நிற்கும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எழுந்த தண்டாயுதபாணி கோயில்களே சான்று.

இன்று மேலைநாட்டு நகரங்களில் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க உறுதியேற்று, மாதம் ஒருமுறை கூடி, எந்தப் பணிக்குக் கொடுத்தால் எத்தனை உயிர் காக்கலாம் என்று விவாதிக்கும் குழுக்கள் உள்ளன. 1971இல் கிழக்கு வங்கத்து அகதிகள் பட்டினியில் கிடந்ததைக் கண்டு, தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கர் எழுதி 1972இல் வெளியான கட்டுரை அவர்களுக்கு மூலநூல் போன்றது. 2009இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய உறுதியேற்பு அமைப்பு ஒன்றில் இன்று ஆயிரக்கணக்கானோர் உள்ளனர். விழுக்காடு கணக்கிட்டுக் கொடுப்பதைக் காரைக்குடிக்காரர் ஒருவருக்கு விளக்கவேண்டிய தேவை இராது. அந்தக் குழுக்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டியது வேறொன்று: கொடுத்த பிறகு, அது பயன்பட்டதா என்று மறுபடி கூடிப் பார்ப்பது.

காந்தியடிகள் 1927 செப்டம்பர் இறுதியில் செட்டிநாட்டில் சுற்றினார். கானாடுகாத்தான், அமராவதிப்புதூர், தேவகோட்டை, காரைக்குடி என்று ஊர்ஊராகக் கூட்டம். கதருக்கு நிதி குவிந்தது. வாங்கிக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வெளிநாட்டுச் சாமான்கள் அடைந்துகிடந்த மாளிகைகளைப் பார்த்தவர், இந்த வீடுகளை அலங்கரிக்கும் ஒப்பந்தத்தைத் தம்மிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்குச் செலவில் இதைவிட அழகாகவும் வசதியாகவும் செய்து தருவதாகக் கூட்டத்திலேயே சொன்னார். விருந்தினராக வந்தவர், விருந்தளித்தவர்களின் வீட்டைப் பார்த்து, அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன சொல் அது. நாலு சுவருக்குள் சொன்னால் அறிவுரை. சபையில் சொன்னால் ஊரே அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளும். கொடுப்பவரைப் புகழ மட்டும் கூடும் கூட்டத்தில் இந்தத் துணிவுக்கு இடமில்லை.

சாதாரண மேடை நாகரிகத்தில் இன்று பெரிதும் காணாமல் போனது இதுதான். பொன்னாடை போர்த்துகிறார்கள், பெயர்சொல்லி நன்றி கூறுகிறார்கள். ‘உங்களால் இன்னும் இதைச் செய்யமுடியுமே’ என்று யாரும் கேட்பதில்லை.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். காந்தி பேசிச் சென்ற மூன்றாண்டுக்குப் பிறகு, 1930 டிசம்பரில், காரைக்குடியும் தேவகோட்டையும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஜே. எச். ஹட்டன் தம் சாதி ஆய்வில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சங்கங்களும் சபைகளும் வாசகசாலைகளும் நிறைந்த வட்டாரத்தில்தான் இது நடந்தது. அந்தக் கூடங்களில் அமர்ந்து பேசியவர்களில் யாருடைய வீட்டிலும் மண்பாண்டம் மட்டுமே இருக்கவில்லை.

எந்த நன்மையைப் பற்றிப் பேசுகிறோமோ, அது யாருக்குத் தேவையோ அவர் அறைக்குள் இல்லையென்றால், கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை இருப்பவர்களின் விருப்பமே எழுதிவிடுகிறது. செட்டிநாட்டு மேடைகளில் இலக்கியமும் சமயமும் கல்வியும் வளர்ந்த வேகத்தில் சமத்துவம் வளராததற்கு இது பெரும் காரணம்.

இலக்கிய மேடை என்றால் கம்பன் கழகத்தைத் தவிர்க்க முடியாது. 1939இல் சா. கணேசன் அதைத் தொடங்கினார். முதல் விழாவுக்கு ரசிகமணி டி.கே.சி. தலைமை. விடுதலைப் போராட்டக்காரர் கணேசன். பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஆனால் ஊர் அவரைக் ‘கம்பன் அடிப்பொடி’ என்றே நினைவில் வைத்திருக்கிறது. பங்குனியில் மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில். அத்தத்தன்று கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில். இந்த நாள்வரிசையை ஊர் பஞ்சாங்கம் போல் மனத்தில் வைத்திருக்கிறது. கணேசனின் நேரந்தவறாமை தமிழ் மேடை உலகில் பழங்கதை ஆகிவிட்டது: குறித்த நிமிடத்தில் தொடக்கம், குறித்த நிமிடத்தில் முடிவு, எவ்வளவு பெரியவர் பேசினாலும். இதை ஒரு மனிதரின் பிடிவாதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்க வருபவரின் பொழுதும் பேச வருபவரின் பொழுதுக்குச் சமமான மதிப்புடையது என்ற கொள்கை அதில் இருக்கிறது. சென்னை, புதுச்சேரி, கொழும்பு என்று பல நகரங்களில் கம்பன் கழகங்கள் கிளைத்தன. எண்பது ஆண்டைத் தாண்டியும் காரைக்குடிக் கழகம் நிற்பதற்கு, தவறாத நாளும் தவறாத நேரமும் கம்பனுக்கு அடுத்த காரணங்கள்.

இன்று தொலைக்காட்சியில் சிரிப்புக்காக நடக்கும் பட்டிமன்றம் பெருவழக்குக்கு வந்ததும் இந்தக் கம்பன் விழா மேடையில்தான் என்று மேடைத்தமிழ் வரலாறு கூறும். அந்நாளைய தலைப்புகளை எண்ணிப்பார்த்தால் வியப்பாக இருக்கும். வாலியை மறைந்து கொன்றது அறமா? அண்ணன் தவறு செய்கிறான் என்று தெரிந்தும் உண்ட சோற்றுக்காக அவனோடு நின்று மடிந்த கும்பகருணன் உயர்ந்தவனா, அறத்துக்காக அண்ணனை விட்டு விலகிய வீடணன் உயர்ந்தவனா? ரங்கூனிலும் கோலாலம்பூரிலும் முதலாளியின் பெட்டியைக் காத்த மேலாளும் அடுத்தாளும் ஊர் திரும்பி இந்த விவாதத்தைக் கேட்டிருப்பார்கள். நன்றிக்கடனா, நேர்மையா என்பது அவர்கள் நாள்தோறும் கணக்கேட்டின் முன் அமர்ந்து எதிர்கொண்ட கேள்வி. ‘நல்லது செய்வது எப்படி’ என்று நேரே கேட்டால் எல்லாரும் ஒப்புக்கொண்டு தலையாட்டுவார்கள். வீடணனை வைத்துக் கேட்டால் கூடம் இரண்டாகப் பிரியும். பிரிந்தால்தான் யோசனை தொடங்கும்.

அந்த மேடைகளின் புகழ்பெற்ற நடுவர் குன்றக்குடி அடிகளார். 1952இல் மடத்தின் தலைமையேற்றவர், 1995இல் மறையும்வரை ஓயாமல் பேசினார். பேச்சு அவருக்குப் போதவில்லை என்பதுதான் அவரைத் தனித்துக் காட்டுகிறது. 1982இல் மண்டைக்காட்டில் மதக்கலவரம் மூண்டபோது அங்கே சென்று இரு தரப்பாரிடமும் அமைதி பேசினார். அதற்கு முன்பே, 1970களின் பிற்பகுதியில், காரைக்குடியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள தம் மடத்து ஊரையே சோதனைக்களமாக்கியிருந்தார். குன்றக்குடிக் கிராமத் திட்டம் அது. ஊரின் வளம் என்ன, வேலையில்லாதவர் யார், என்ன தொழில் இங்கே நடக்கும் என்று கணக்கெடுத்து, ஊராரைக் கொண்டே திட்டக்குழு அமைத்தார். பக்கத்திலேயே இருந்த மின்வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்துவந்தார். சிறுதொழில்கள் தொடங்கின, கடன் கிடைத்தது, வேலை கிடைத்தது. ‘குன்றக்குடி முறை’ என்று டெல்லி வரை அதன் பேச்சு எட்டியது.

அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த ஆய்வகம், ஒரு தலைமுறைக்குப் பிறகு, மடாதிபதி ஒருவர் கூட்டிய ஊர்க்கூட்டத்தின் வழியாக ஏழைகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முந்தைய சபைகளில் இல்லாமல்போனது இங்கே இருந்தது: யாருக்காகத் திட்டமோ அவர்களே கூட்டத்தில் இருந்தார்கள். மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஊர்க்கணக்கு மட்டும் நடுவே விரித்துவைக்கப்பட்டிருந்தது. செட்டிநாட்டுக் கூட்ட மரபின் உச்சம் எது என்று கேட்டால், பாரதி வந்த நாளையும் காந்தி வந்த நாளையும் பலர் சொல்வார்கள். இந்தக் கிராமக் கூட்டங்களையே முதலில் சொல்வது நியாயம்.

இன்று காரைக்குடி பெரிய ஊர், 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. அழகப்பா பல்கலைக்கழகமும் மின்வேதியியல் ஆய்வகமும் இருப்பதால் பேசத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. கம்பன் விழா நடக்கிறது. நூல் வெளியீடும் வாசகர் வட்டமும் நடக்கின்றன. குறைவது வேறு. மாளிகைகள் பல பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கொடுக்கக்கூடியவர் கூடத்தில் இல்லை. கேட்கக்கூடியவர் மட்டும் தம்மைப் போன்றவர்களிடமே பேசிக்கொண்டிருக்கிறார். இணையவழியில் இணைத்துவிடலாம் என்பது பாதித் தீர்வுதான். திரைக்குள்ளிருந்து கேட்பவருக்குச் சபைக்கூச்சம் இல்லை.

ஆனால் அவர்கள் வராமலே போய்விடவில்லை. குலதெய்வப் படைப்புக்கு வருகிறார்கள். வீட்டுத் திருமணத்துக்கும் கோயில் குடமுழுக்குக்கும் வருகிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடும்போது பல நாட்டுக் கடவுச்சீட்டுகள் ஒரே சாலையில் நடக்கின்றன. பங்குனியில் கம்பன் விழா. கூட்டம் நடத்த நினைக்கும் இளைஞர்கள் தேதியை இங்கிருந்துதான் எடுக்க வேண்டும். தங்களுக்கு ஒழிந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அல்ல. அரைநாள் போதும். பேச்சாளர் ஒருவர், அரை மணிநேரம். பிறகு இந்த வட்டாரத்தின் ஏதாவது ஒரு குறிப்பான தேவை: தூர்ந்த ஊருணி ஒன்று, ஆசிரியர் இல்லாத பள்ளி ஒன்று, நிறுத்தப்பட்ட பேருந்துத் தடம் ஒன்று. அந்த ஊருணிக்கரையில் குடியிருப்பவர், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய், அந்தப் பேருந்தில் போய்வந்த கூலித்தொழிலாளி முன்வரிசையில் அமர்ந்து முதலில் பேச வேண்டும். எவ்வளவு செலவாகும், யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்பதைக் கலைவதற்குள் எழுதிவிட வேண்டும்.

செட்டிநாட்டு வணிகர்கள் தொழிலின் வரவும் செலவும் பற்றும் கையிருப்பும் சேர்த்து எழுதிய கணக்கறிக்கைக்கு ஐந்தொகை என்று பெயர். கடல்கடந்த கடைகளிலிருந்து அது ஊருக்கு வந்து சேரும். முதலாளி அதைப் பார்த்த பிறகே அடுத்த முதல் போகும். அடுத்த ஆண்டு அதே நாளில் கூடும்போது, வரவேற்புரைக்கும் முன்னால், போன ஆண்டு ஒப்புக்கொண்ட வேலையின் ஐந்தொகையை ஒருவர் எழுந்து படிக்கட்டும்.